ரேஸ்காரர் வீட்டுச் சுவர்

தெருவில் அவரை ரேஸ்காரர் என்பார்கள். ரேஸ் என்பதை அவர் டிவியில் பார்த்ததோடு சரி. வேலை, ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் மேஜையில். எங்கேயாவது லிஃப்ட் பாதி மாடியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறியடித்துக்கொண்டு போன் செய்தால், "பதறாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருப்பான். ஊரில் உள்ளவர்களை எல்லாம் காலையிலிருந்து பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு வீடு திரும்பும் இந்த மனிதர், செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டு வந்து விழாவிட்டால் வீட்டை இரண்டாக்குவார்.

அவர் பெருமையைச் சொல்ல வேறு ஆள் தேவையில்லை, அவர் வாயே போதும். அதனால் நாம் அவர் மனைவி பக்கம் போய் நின்றுகொள்ளலாம். அவளைத் தெருவில் பார்லர் அக்கா என்பார்கள். ரேஸ்காரர் பட்டம் போல அல்ல இது; அவள் நிஜமாகவே பார்லர் நடத்துகிறாள்.

வீட்டின் பக்கவாட்டில், கொல்லைப்பக்கம் போகும் பாதையில் பாதியை விழுங்கிக்கொண்டு நீட்டிக் கட்டிய ஓர் அறை. உள்ளே ஒரு சுழல் நாற்காலி, எதிரே ஆளுயரக் கண்ணாடி, தலை அலசும் பேசின், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்ச். ஃபேன் போட்டால் வெட்டிய முடி பறக்கும், போடாவிட்டால் வேர்த்துக் கொட்டும். ஆனாலும் அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருடைய அப்பா கட்டியது, அதையும் அவர் தானே கட்டியது போலத்தான் பேசுவார். இந்த அறை அவள் கத்தரிக்கோல் பிடித்துச் சம்பாதித்துக் கட்டியது. விரல் காய்த்துப்போன கையை யாராவது பார்த்துப் பரிதாபப்பட்டால், "அதான் வெளியே சுவரா நிக்குதே" என்பாள்.

கார் வந்த கதை இது. பேக்கரிக்காரர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அது. இரண்டு கதவு, உருண்டைக் கண் விளக்குகள், நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் முழங்கால் தாடையில் இடிக்கும் அளவு இடம். ஒரு பூனை பின்சீட்டில் குட்டி போட்டிருந்தது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. உள்ளே காலை வைத்தால் கால் நேராக மண்ணைத் தொட்டது. ரேஸ்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்கள் கலங்கி, "கிளாசிக்" என்றார். துரு பிடித்ததற்கெல்லாம் இவர்கள் ஊரில் இதுதான் பெயர் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது அந்தக் கண்கள் கலங்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்லர் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே நுழைத்தபோது இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. "பாரு, என்ன கச்சிதம்" என்று பூரித்துப்போனார். ஆறே மாசத்தில் ரோட்டில் ஓடும் என்றார். அந்த ஆறு மாசம் வருஷக்கணக்கில் ஓடியது, கார் மட்டும் ஓடவில்லை.

கொல்லையில் பழைய சாமான் போட்டிருந்த கொட்டகை இருந்தது. அது காருக்கு வந்த யோகத்தைப் பாருங்கள். கூரை மாறியது. தரைக்குச் சிமென்ட் போட்டு, பளிங்கு மாதிரி இழைத்தார்கள். கார் கழுவக் குழாய், தண்ணீர் போகச் சாக்கடை, பெயின்ட் நெடி போக ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். வரிசையாக ஐந்து ட்யூப்லைட். பார்லரில் ஒரே ஒரு குண்டு பல்பு. முகத்து முடி எடுக்கும்போது கண் வலிக்கிறது, இன்னொரு லைட் போட்டுக்கொடுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பார். புகார் மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது.

சரி, வேலையாவது அவர் செய்தாரா? துருவைச் சுரண்டியவன் வெல்டர். அடித்தட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தவனும் அவனேதான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் மூலைக்கடை மெக்கானிக். இவர் டார்ச் பிடித்தார். சில நேரம் அதையும் தப்பான இடத்தில் பிடித்து, மெக்கானிக்கிடம் திட்டு வாங்கினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், "எஞ்சினை நான்தான் இறக்கினேன், ஃப்ளோரை நான்தான் அடிச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார். தம்பி, "சான்ஸே இல்லண்ணே" என்பார். வயிறு நிறையும்வரை சான்ஸே இல்லை, சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுவார். இந்தக் கொழுந்தனுக்கும் சேர்த்து வடித்துக் கொட்டுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவராகவே செய்த வேலைகளும் இருந்தன, அது வேறு கண்றாவி. பட்டி காய்வதற்கு அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போனார். துடைக்க அவளுடைய துவாலைகள். இடுக்கில் பசை தடவ அவளுடைய சாயம் பூசும் பிரஷ். ஒருநாள் பேங்கில் கேஷியராக இருக்கும் அக்கா, பார்லர் திறந்த நாளிலிருந்து வருகிறவள், தலையைக் காயவைத்துக்கொண்டு எழுந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி, என் தலை பெயின்ட் கடை மாதிரி நாறுது?"

"அடுத்த தடவை பாலிஷும் போட்டு அனுப்பறேன்கா" என்றாள் இவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிறு எரிந்தது.

பெயின்ட் அடித்த வாரம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சிவப்பு. கதவில் ஓரிடத்தில் பெயின்ட் வழிந்து, அழுத முகத்தில் மை இறங்கியது மாதிரி ஒரு கோடு. டீ கொண்டுபோய்க் கொடுத்தவள், நல்லதுக்குத்தான், "இங்க வழிஞ்சிருக்குங்க" என்றாள். தம்பியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் காரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"முடி வெட்டற கண்ணு முடியை மட்டும் பாக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தாங்க முடியாதது என்னவென்றால், அவளும் சிரித்துவைத்தாள். டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் முகம் எரிந்தது. இரண்டு நாள் கழித்து அந்த வழிசல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இனிமேல் இந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் நான் மனுஷி இல்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் ரேஸ்காரருக்கு, பழைய காரைப் பழையபடி ஆக்கினால் மட்டும் போதாது என்று தோன்றியது. வீடியோ பார்த்துப் பார்த்து ஏறிய பித்து. கார் தரையைத் தடவிக்கொண்டு போக வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டினார்கள். சைலன்சரை மாற்றினார்கள், ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. அதற்கும் மேலே, பருத்த நாலு சக்கரங்கள் வந்து இறங்கின. அந்தச் சக்கரங்கள் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றதால், அவற்றை மூட ஃபைபரில் புடைப்பு வைத்து, ரிவெட் அடித்து, பசை வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து, காரோடு காராக இழைத்துவிட்டார்கள். சின்னக் கார் இப்போது இரண்டு பக்கமும் கன்னம் உப்பி, பல்வலிக்காரன் மாதிரி நின்றது.

அன்று சாயங்காலம் அவள் பாதையில் துவாலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் காரைப் பார்த்தாள். திரும்பிப் பார்லர் சுவரைப் பார்த்தாள், எதிரே மதிலைப் பார்த்தாள். அளக்க வேண்டிய அவசியமே இல்லை, குருடனுக்குக்கூடத் தெரியும். உள்ளே வந்தது, இனிமேல் வெளியே போகாது.

சொல்லியிருக்கலாம். பசை அப்போது காய்ந்திருக்கவில்லை, பிய்த்தெடுத்திருக்கலாம். முடி வெட்டுகிற கண் முடியை மட்டும் பார்த்தது. அவள் துவாலையை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். வருஷக்கணக்கில் அவளுக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை.

பேங்க் அக்காவிடம் மட்டும் சொன்னாள். பேங்க் அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள் என்பது உண்மைதான், அந்தப் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைத் தவிர. பத்து நாளில் தெருவில் பாவாடை கட்டிய அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆம்பிளைகளுக்குத்தான் தெரியாது. அவர்கள் கொட்டகையில் கூடி நின்று குதிரைசக்தி பேசிக்கொண்டிருந்தார்கள். "எப்போக்கா வெளியே எடுக்கறாரு?" என்பதுதான் பார்லரில் எல்லார் கேள்வியும். பழைய கார் கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது, முந்தின நாள் காலை எடுக்கிறார் என்று தெரிந்ததும், அந்தச் சனிக்கிழமைக்குப் பெஞ்ச் நிறைய ஆள் வந்துவிட்டது. தலையில் முடியே இல்லாத ஒரு அத்தைகூட முடி வெட்ட வந்து உட்கார்ந்திருந்தாள்.

ரேஸ்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினார். கார் உறுமியது. தம்பி பின்னால் நடந்துகொண்டே வீடியோ எடுத்தார். வண்டி பளபளவென்று பாதையில் வந்தது, பார்லர் மூலைக்கு வந்தது, கரகரவென்று ஒரு சத்தம் போட்டது, நின்றது. பின்னால் எடுத்தார். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திரும்ப வந்தார். திரும்பவும் கரகர. கீழே இறங்கிச் சுவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். மனைவி ஏதாவது சொல்லமாட்டாளா என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பேங்க் அக்கா தலை முழுக்கச் சாயத்தோடு, அவளுக்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டு முகங்கள்.

"பதறாதீங்க சார்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "ஆள் கிளம்பிட்டாங்க."

பார்லரே குலுங்கியது. பார்லர் அக்கா பேசினைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்கு மிச்சமாகியிருந்தால் இது ஒரு நல்ல கதையாக முடிந்திருக்கும்.

மத்தியானம் ஆம்பிளைகள் கூடிப் பேசினார்கள். கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றார் தம்பி. தெரு முழுக்கக் கரண்ட் கம்பி. மதிலை இடிக்கலாம் என்றால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது, அதன்மேல்தான் அவருடைய தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. அவர் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றினாலும் புடைப்பு இடிக்கும். அவள் வாசற்படியில் நின்றுகொண்டு, சபதத்தை மறந்து, "அந்தப் புடைப்பை வெட்டி எடுத்துடுங்களேன்" என்றாள்.

"அதை வெட்டறதும் என் கையை வெட்டறதும் ஒண்ணு" என்றார் அவர்.

கையை வெட்டினாலும் டார்ச் பிடிக்க இன்னொன்று இருக்குமே என்று அவளுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். வந்தவர் நேராகப் பார்லர் சுவரைத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

"ஒரு சுவர்தானே அண்ணி" என்றார் கொழுந்தன்.

"திரும்பக் கட்டிடலாம்மா" என்றார் ரேஸ்காரர். "என்ன, வண்டி வர்றதுக்கும் போறதுக்கும் இடம் வேணுமில்ல. கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிக்கலாம்."

கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அவ்வளவு தள்ளினா நாற்காலி போடலாம் சார். ஆனா அதுக்குப் பின்னாடி நின்னு வெட்ட ஆளுக்கு இடம் இருக்காது."

"அவ ஒல்லிதானே" என்றார் அவர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்து, கணக்குப் போட்டு, ஒரு நல்ல தீர்வைக் கண்டுபிடித்த முகத்தோடு சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது அருவருப்பு. அதில் பாதி அவர்மேல் என்றால் மீதி தன்மேல். பசை காய்வதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்துபோயிருக்கும். அவர் மூக்கு உடைவதைப் பார்க்க ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடைந்தது மூக்கா? இவளும் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. அவருக்கு ஏற்ற ஜோடிதான்.

"சரி, இடிச்சுக்கோங்க" என்றாள்.

"பாத்தீங்களா, என் பொண்டாட்டி தங்கம்" என்றார் ரேஸ்காரர். அவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

கண்ணாடியை அவளே கழற்றினாள். பேசினைக் கழற்றிக் கொடுத்தவர் கொத்தனார். சம்மட்டி விழ ஆரம்பித்ததும் அவள் அடுக்களைக்குள் போய்விடவில்லை, நின்று பார்த்தாள். செங்கல் செங்கலாக விழுந்தது. தூசி அடங்குவதற்குள் கார் அவளுடைய நாற்காலி நின்ற இடத்தின்மேல் ஏறி, வெளியே போய் நின்றது. தெருவில் நாலு பேர் கை தட்டினார்கள். தம்பி அதையும் வீடியோ எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணனும் தம்பியும் கண்காட்சிக்குக் கிளம்பினார்கள். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் வயிற்றை உரசிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அங்கே ஒரு நடுவர் காரைச் சுற்றி வந்து, "நல்லா இருந்த வண்டியை ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டாராம். பரிசு கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் கேடயம் ஒன்று இவருக்கும் கிடைத்தது. அதை டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் ஜம்மென்று வீடு திரும்பினார்.

திரும்பிப் பாதையில் நுழைந்து, இடிந்த பார்லரைக் கடந்து, கொட்டகை முன்னால் வந்து ஹாரன் அடித்தார். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. கதவில் பார்லர் போர்டு மாட்டியிருந்தது.

காலையில் இவர்கள் கிளம்பியதும் பேங்க் அக்கா வந்தாள், முடியில்லாத அத்தை வந்தாள், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். சிரித்த பாவத்துக்குப் பரிகாரம் என்றாள் ஒருத்தி. பேங்க் அக்காவின் அண்ணன் பிளம்பர்; கார் கழுவும் குழாயிலும் சாக்கடையிலும் பேசினைச் சேர்க்க அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஐந்து ட்யூப்லைட்டையும் போட்டபோது, அத்தனை பெண்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். காதோரம் இவ்வளவு நரைத்திருப்பது இத்தனை நாள் குண்டு பல்பில் தெரியவில்லை.

ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது. அப்புறம் கார்க்கதவு திறக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

உள்ளே ஒரு பெண் பேசினில் தலை சாய்த்துப் படுத்திருந்தாள், தலை முழுக்க நுரை. பார்லர் அக்காவின் விரல்கள் வேலையை நிறுத்தவில்லை. கதவு படாரென்று திறக்கும், கத்துவார், நானும் கத்த வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். எல்லாம் நல்ல வார்த்தைகள். ஒன்றுகூட வீட்டில் சொல்லக்கூடியது இல்லை.

கதவு திறக்கவில்லை. கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, விரல் கணுவால், இரண்டு தட்டு.

பேங்க் அக்கா பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா அது?"

"அவர்தான்" என்றாள் இவள்.

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் இருக்கும் அறைக்குள் நுழைந்திருக்கிறார், வந்திருக்கிறார், போயிருக்கிறார், கிரீஸ் கையோடு துவாலையை உருவிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே வரலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த இரண்டு தட்டுக்கு ஒரு சுவர் விலை. கொடுத்தது போகட்டும் என்று தோன்றும் அளவுக்கு அது இனித்தது, அவ்வளவு சுலபமாக இனித்துவிட்டதே என்று கொஞ்சம் கசக்கவும் செய்தது.

மறுபடியும் தட்டினார்.

"வேலையா இருக்கேன், நில்லுங்க" என்றாள் அவள். குழாயைத் திறந்து, தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று கையில் விட்டுப் பார்த்து, நுரையை அலச ஆரம்பித்தாள். நீளமான முடி. நன்றாக அலச நேரமாகும்.